பவளத்தின் கரகம் இன்னும் கரையவில்லை

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மேசையில் வந்து விழுந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கணக்கு எழுதும் கிராணி. கதை எழுதுவது உபதொழில், அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் "இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் எழுதித் தாங்க" என்று என்னிடம் கேட்காத ஆள் தொழிலாளர் லயத்து வீடுகளில் கிடையாது. அப்படித்தான் பவளமும் அவளுடைய தங்கை மகன் யுவனேஸ்வரனும் வந்து நின்றார்கள்.

"கிராணி, இவன் நம்ம ஆத்தாள வித்துட்டான்" என்றாள் பவளம்.

என் கையிலிருந்த தேநீர் கவிழ்ந்தது.

[கவிழவில்லை. கதைக்காகச் சேர்த்தேன். தேநீர் அப்படியே இருந்தது, நான்தான் அதைக் குடிக்க மறந்துபோனேன்.]

2.

தொடக்கங்கள்:

"பனி இறங்கும் பச்சைச் சரிவுகளில், தேயிலைக் கொழுந்துகள் சிலிர்த்துக்கொள்ளும் ஒரு காலைப்பொழுதில்…" இது வேண்டாம். பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கின் ஹோட்டல் அறைகளில் வைத்திருக்கும் விளம்பரத் தாளில் இதைவிட நன்றாக இருக்கும்.

"மரபுக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை டிஜிட்டல் டோக்கன்களாக உலகச் சந்தையில் விற்பதன் மூலம்…" இதுவும் வேண்டாம். இது யுவனேஸ்வரன் போய்வந்த இலவசக் கூட்டத்தில் பேசியவரின் குரல். அங்கே சாப்பிடக் கொடுத்த மீகூன் நன்றாக இருந்ததாம்.

"பவளம் கரகம் கட்டுவாள்."

இது போதும். இதிலிருந்தே போகலாம்.

3.

பவளம் கரகம் கட்டுவாள். தேயிலை பேக்டரியில் பாக்கெட் போடும் பிரிவில் வேலை, ஆனால் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் மேனேஜரே அவளிடம் லீவு வேணுமா என்று கேட்பார். செம்புக்கு மேல் மூங்கில் சிம்புகளைக் கூம்பாக நிறுத்தி, திரிங்காப் பூத்தோட்டங்களிலிருந்து லோரியில் வரும் சாமந்தியை வரி வரியாக ஏற்றுவாள். பூ ஒன்றின் முகம்கூட உள்ளே திரும்பியிருக்காது. பூசாரி ராமையா அதை ஆற்றங்கரைக்கு எடுத்துப்போய் அம்மனை அழைப்பார். அம்மன் இறங்கியதும் உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம் குத்துவார். திருவிழா முடிந்ததும் அதே ஆற்றில் கரகத்தைக் கரைத்து அம்மனை வழியனுப்புவார்கள். ஒவ்வோர் ஆண்டும் தான் கட்டியதைத் தண்ணீரில் விடும்போது பவளத்துக்கு அழுகை வந்ததே இல்லை. வந்தவள் போகத்தானே வேண்டும்.

போன வருஷம், ஹோட்டலில் வேலை செய்யும் யுவனேஸ்வரன் ஒரு யோசனையோடு வந்தான்.

"கரகத்தச் சுத்திச் சுத்தி போன்ல புடிச்சா, அப்படியே முழு உருவமா வரும் பெரியம்மா. அதுக்கு ஒரு டோக்கன் போட்டு விக்கலாம்லா."

"படத்த யாரு வேணாலும் பாத்துக்கலாமே. அதப் போயி எவன் வாங்குவான்?"

"பாக்குறது எல்லாரும் பாக்கலாம். ஆனா 'இது என்னோடது'ன்னு ஒரு சீட்டு இருக்கும்ல, அது ஒருத்தருக்குத்தான். அத யாராலயும் மாத்தி எழுத முடியாது."

"அட, உபயம் மாதிரின்னு சொல்லு! அஞ்சாம் நாள் பூசைய ஊரே பாக்கும், நோட்டீஸ்ல பேரு மட்டும் தினேஸ்வரன் குடும்பத்துக்கு."

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வீட்டுலயே புடிச்சிக்க. ஆத்துக்குப் போறதுக்கு முன்னாடி. அதுவரைக்கும் அது பூவும் செம்பும்தான்."

எங்கோ ஒரு குளிர்நாட்டில் யாரோ ஒருவர் வாங்கினார். வந்த காசில் பவளம் துணி காயவைக்கும் மெஷின் ஒன்று வாங்கினாள். கேமரன் மலையில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இங்கே துவைத்த சட்டை காய்வதற்குள் அதைப் போடவேண்டிய கல்யாணம் முடிந்துவிடும்.

4.

இந்த வருஷம், கொடியேற்றத்துக்கு முந்தின வாரம். யுவனேஸ்வரன் பெருமையாகப் போனை நீட்டினான். "பாருங்க பெரியம்மா, போன வருஷத்துக் கரகம். இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு பூகூட வாடல."

பவளம் பார்த்தாள். சாமந்தி, வேப்பிலை, செம்பின் கழுத்தில் மஞ்சள் நூல். எல்லாம் அவள் கட்டியபடியே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யுவனேஸ். உச்சியில எலுமிச்சம்பழம் இருக்கே."

"ஆமா, அழகா இருக்குல்ல?"

"அது எப்புடிடா வந்துச்சு?"

அவன் முகம் மாறியது. "அன்னிக்கு ஹோட்டல்ல மாத்தறதுக்கு ஆள் வரல பெரியம்மா, என்னை விடல. ஓடி வர்றதுக்குள்ள நீங்கள்லாம் ஆத்துலருந்து திரும்பிட்டீங்க. கோயில்ல லைட்டும் நல்லா இருந்துச்சு. அதே பூதானேன்னு…"

 பவளம் அங்கேயே துணி மெஷின்மேல் சாய்ந்துகொண்டாள். அதன் உள்ளே துணிகள் தடதடவென்று உருண்டுகொண்டிருந்தன.

"அம்மன் எறங்குன பெறகு புடிச்சிருக்கியேடா. அப்ப நாங்க ஆத்துல கரைச்சது என்னடா?"

ராமையா கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வந்தவள இன்னும் வழியனுப்பல. அதுக்குள்ள மறுபடியும் வான்னு கூப்புடுறதா? நான் கூப்புட மாட்டேன்."

"நானும் கட்ட மாட்டேன் மாமா" என்றாள் பவளம்.

பத்து நிமிஷத்தில் லயம் முழுக்கச் செய்தி போனது. இந்த வருஷம் கரகம் இல்லை. கரகம் இல்லாமல் திருவிழா ஏது?

[இந்த இடத்தில் யுவனேஸ்வரனை வில்லனாக்கப் பார்த்தேன். கழுத்தில் தடித்த சங்கிலி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிப் பார்த்தேன். ஆனால் என் ஆபீசுக்கு வந்தவன் ஹோட்டல் யூனிபாரத்தோடு, பெயர் அட்டைகூடக் கழற்றாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். வில்லன் வேலைக்கு அவன் ஒத்துவரவில்லை.]

5.

"இதுக்கு வழியே இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு அங்கிள். வாங்கினவரு மனசு வச்சா அத எரிச்சிடலாம். அப்படித்தான் சொல்லுவாங்க."

"எரிக்கிறதா! மாரியாத்தாளையா!" பவளம் எழுந்தே விட்டாள்.

"ஐயோ, நெருப்பெல்லாம் இல்ல பெரியம்மா. சாவியே இல்லாத ஒரு எடத்துக்கு அனுப்பிடுவாங்க. அங்க போயிட்டா யாராலயும் எடுக்க முடியாது. அனுப்புன ஆளாலயும் முடியாது."

 பவளம் மறுபடி உட்கார்ந்தாள்.

"அது நம்ம ஆறுதான்டா" என்றாள். "கிராணி, எழுதுங்க."

எழுதினேன். ஐயா அல்லது அம்மையீர், தயவுசெய்து எங்கள் அம்மனைக் கரைத்துவிடவும். 'தயவுசெய்து' போட்டு நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன்: உர மூட்டைக்கு, கூரைத் தகரத்துக்கு, டாய்லெட் அடைப்புக்கு. சாமிக்கு இதுதான் முதல் தடவை.

6.

பதில் வருவதற்குள் வாங்கியவரை நானே கற்பனை செய்துவிட்டேன். எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது.

(அ) வாங்கியது ஜொகூரில் இருக்கும் பவளத்தின் தங்கை புனிதாதான். திருவிழாவுக்கு வரமுடியாமல், போனுக்கு முன்னால் சூடம் ஏற்றிக்கொண்டு… சீரியலுக்குக் கொடுக்கலாம். அதுவும் தன் மகன் விற்றதைத் தானே வாங்குவாளா?

(ஆ) ஒரு பெரும் பணக்காரன், "கரைக்க மாட்டேன்" என்று சிரித்து… அவன் சிரிப்பு எனக்கு எழுத வரவில்லை.

வந்த பதில் இரண்டிலும் சேரவில்லை. எழுதியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவராம். போன் மாற்றினாராம். டோக்கனைத் திறக்கும் ரகசியச் சொற்களைத் தொலைத்துவிட்டாராம். "என்னால் பார்க்க மட்டும்தான் முடியும், தொட முடியாது. மன்னித்துவிடுங்கள். மிக அழகான பூக்கள்."

படித்துக் காட்டினேன். யுவனேஸ்வரன் தலையில் கைவைத்துக்கொண்டான். பவளம்தான் பேசினாள்.

"அவராலயும் எடுக்க முடியாதா?"

"முடியாது பெரியம்மா. யாராலயும் முடியாது. போச்சு."

"சாவி இல்லாத எடம்."

"ஆமா…" என்று இழுத்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அப்ப அவ போயிட்டாடா" என்றாள் பவளம்.

"ஆனா படம் இன்னும் தெரியுதே?"

"கரைச்ச பெறகு பூ மெதக்காதா? கீழ காய்கறித் தோட்டம் வரைக்கும் மெதந்து போவும். எல்லாரும் பாப்பாங்க. எவனாச்சும் அள்ளிட்டு வருவானா?"

ராமையாவிடம் போய்ச் சொன்னோம். அவர் வாசலில் நின்றபடி மலையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார்.

"திரிங்காப்புக்குப் போன் போட்டுப் பூ சொல்லிடு" என்றார்.

பவளம் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமாகக் கரைத்தபோதெல்லாம் வராத அழுகை. நானும்… இல்லை, எனக்குத் தூசி விழுந்தது.

7.

கதையை இங்கே முடித்துவிட்டேன். நல்ல முடிவு, எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. திருவிழாவன்று காலையில் கோயில் மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து போனிலேயே கடைசி வரியைத் தட்டினேன்: "அந்தக் காலையில் சாமந்தி வாசனை

அந்த வரியை இனி முடிக்கப் போவதில்லை. தட்டிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்தது.

பஸ் டிரைவர். பழைய கோட்டுப் பையில் அந்தச் சொற்கள் எழுதிய துண்டுத்தாள் கிடைத்துவிட்டதாம். இப்போது டோக்கன் அவர் கைக்கு வந்துவிட்டது.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. கேமரன் மலையில்!

மேலும் எழுதியிருந்தார்: "மனைவி போனபின் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் இந்தப் பூக்களைத்தான் பார்க்கிறேன். கரைக்க மனம் வரவில்லை. ஆனால் அதைக் கட்டியவர் அந்த அம்மா. அவரே தன் வாயால் சொன்னால் இப்போதே செய்கிறேன். உங்கள் வார்த்தை போதாது, அவர் வார்த்தை வேண்டும்."*

* அவர் வார்த்தையை நானே எழுதி அனுப்பலாம். லயத்தில் பாதிப்பேரின் வார்த்தை என் கையெழுத்தில்தான் இருக்கிறது. கை அந்தப் பக்கம் போகாமலில்லை.

இனி நடப்பதை உங்களிடம் விடுகிறேன். ஒதுங்குவதற்காக அல்ல, எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பவளத்திடம் சொன்னால், ஆற்றோடு போனது கரையேறிவிட்டது என்று ஆகும். திருவிழா இந்த நிமிஷமே நிற்கலாம். அல்லது அவள் ஒரு வார்த்தை சொல்லி, அந்த மனிதரின் காலைகளைக் காலியாக்கலாம். சொல்லாமல் விட்டால் அம்மன் இரண்டு இடத்தில் இருப்பாள். அது அவளுக்கு ஒன்றும் புதிதில்லை என்று நான் சமாளிப்பேன். பவளம் சமாளிப்பாளா?

உறுமி மேளம் தொடங்கிவிட்டது. ராமையா செம்பைத் தூக்கியாயிற்று. கூட்டம் ஆற்றுப்பக்கம் நகர்கிறது, நானும் பின்னால் நடந்துகொண்டே தட்டுகிறேன். கரையில் பவளம் திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

"என்ன கிராணி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? போன்ல யாரு?"

எலுமிச்சம்பழம் இன்னும் ராமையாவின் மடியில்தான் இருக்கிறது. அது உச்சிக்கு ஏறும்வரை இது பூவும் செம்பும்தான்.

அவர் மடியை அவிழ்க்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், அவளுக்கு என்ன பதில் சொல்ல?