தொட்டியில் இருந்த எண்ணெய்

காலையில் எழுந்ததும் திரி ஸ்டவ்வைப் பற்றவைக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்கிறது. தேயிலை, சர்க்கரை, பால்பவுடர். நின்றபடியே குடிக்கிறேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிறேன். குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கராச்சர்மா ஸ்டாப்பில் பஸ் ஏறி பவர் ஹவுஸுக்கு வேலைக்குப் போகிறேன். அடுப்படி ஜன்னலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதில் பாதி வரை கறுப்பு எண்ணெய். அதை நான் தொடுவதில்லை.

அது மங்கையின் எண்ணெய். மங்கையர்க்கரசி, என் மனைவி. வேதியியலில் எம்.எஸ்ஸி. கல்யாணத்துக்கு முன் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், நிலக்கரியை எண்ணெயில் கரைத்து எரிபொருளாக்கும் பிரிவில் இருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்ததில் அந்த வேலை போயிற்று. இங்கே கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம்.

பெட்ரோல் விலை தலைக்கு மேல் போன வருஷம் அது. டீசல் கப்பல் தாமதமானால் என் என்ஜின்கள் நிற்கும், ஊர் இருட்டாகும். மெயின்லேண்டில் எல்லோருக்கும் திடீரென்று நிலக்கரி ஞாபகம் வந்தது. மங்கைக்கு அது மறந்ததே இல்லை.

அவள் எனக்குச் சொல்லித்தந்தது இவ்வளவுதான். கரி சூட்டில் துண்டு துண்டாக உடையும். உடைந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் துண்டுகள் திரும்பச் சேர்ந்து இறுகிவிடும். ஹைட்ரஜனைக் கொடுக்கிற எண்ணெய் நல்ல கரைப்பான். கொடுக்காதது வெறும் எண்ணெய்.

எங்கள் மின்கம்பங்கள் குர்ஜன் என்ற இந்தத் தீவுக் காட்டு மரம். கரையான் அரிக்காமலிருக்க ஒரு தனியார் பட்டறை அவற்றைக் கிரியோசோட்டில் முக்கித் தரும். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கிற எண்ணெய் அது. தொட்டியில் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி மரத்தை முக்குவார்கள். குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவார்கள். அங்கே ஸ்டோர் கீப்பர் பன்னீர்செல்வம். உசிலம்பட்டிக்காரர். கம்பம் எடுக்கப் போன இடத்தில் எனக்குப் பழக்கம். மங்கைக்கு அண்ணன் ஆகிவிட்டார்.

அவள் புது எண்ணெயும் தொட்டி எண்ணெயும் வாங்கி வந்தாள். நெய்வேலியிலிருந்து அவள் அப்பா அனுப்பிய பழுப்புக் கரியைப் பொடித்து, வகுப்பு முடிந்தபின் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டிலும் காய்ச்சினாள். புது எண்ணெயில் கரி பாதிக்கு மேல் கரையாமல் கிடந்தது. தொட்டி எண்ணெயில் அடியில் கொஞ்சம் கசடுதான் மிஞ்சியது. நம்பாமல் திரும்பவும் செய்தாள். பிறகும் செய்தாள். குர்ஜன் மரத்தின் பிசின் சூட்டில் எண்ணெயில் இறங்கியிருக்கிறது, அதுதான் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது என்றாள். அன்றைக்கு வீட்டில் கேசரி.

பழைய ஆய்வுக்கூடத்துக்கு எழுதினாள். ஒரு டின் அனுப்பு, எங்கள் சோதனையிலும் இதே முடிவு வந்தால் அங்கிருந்தே வேலை பார்க்கும்படி உனக்குப் பதவி போடுகிறோம் என்று பதில் வந்தது. கப்பல் கிளம்புகிற வாரம் அவளுக்கு முதல் முறை மலேரியாக் காய்ச்சல். அதனால் பன்னீரிடம் சொல்லியனுப்பினாள். அவரே டின்னை நிரப்பி, ஈயம் பற்றவைத்து, கப்பலில் ஏற்றினார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. சாதாரண எண்ணெயைவிட இதில் எந்த மேம்பாடும் இல்லை. அனுப்பியவரின் அளவீடுகள் நம்பத்தக்கவை அல்ல. இனி இது குறித்து எழுத வேண்டியதில்லை.

மங்கை அழவில்லை. பன்னீரைக் கூப்பிட்டு, சொன்னபடிதான் நிரப்பினீர்களா என்று கேட்டாள். அவர் நெஞ்சில் கையை வைத்து, தன் கையாலேயே பார்த்துப் பார்த்து ஊற்றியதாகச் சொன்னார். அவள் நம்பினாள். தப்பு தன்னுடையது என்று முடிவு செய்து, எடை போட்டதையெல்லாம் முதலிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்தாள். தராசைச் சந்தேகப்பட்டாள். பிறகு தன்னை. மழை பிடித்ததும் காய்ச்சல் திரும்பி வந்து மூளைக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மா என்று கூப்பிட்டதாக மாமியாரிடம் சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்ததாக அவள் தங்கை இந்திராணியிடம் சொன்னேன். இரண்டுமே நடக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பன்னீர் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு இளநீர். கார் நிக்கோபார் தீவில் ஒரு காண்டிராக்டரிடம் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த கப்பலில் போகிறாராம். சொல்லிக்கொண்டு போக வந்தார். உட்கார்ந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த பாட்டிலையும் பார்த்தார்.

"இந்தக் கராப், கெட்டுப்போன எண்ணெயை இன்னும் வச்சிருக்கீகளா?" என்றார். "எனக்கு ஒரே ஒரு ஆறுதல் சார். தங்கச்சி மானத்த நான் காப்பாத்திட்டேன்."

எப்படி என்று கேட்டேன்.

"தொட்டி எண்ணெய அனுப்பச் சொன்னுச்சு. ஒரே சகதி, மரத்தூளு, பிசினு. பெரிய பெரிய ஆபீசருக பாக்குற பொருளு. அதப்போயி அனுப்பினா நம்ம புள்ளையப் பத்தி என்ன நெனைப்பாக? புது பீப்பாயை உடைச்சு ஊத்துனேன். நயா மால். முதலாளிக்குக்கூடத் தெரியாது."

ஆய்வுக்கூடக்காரர்கள் தப்பே செய்யவில்லை. புது எண்ணெய்க்கு என்ன வருமோ அதுதான் அவர்களுக்கு வந்திருக்கிறது. மங்கையின் தராசும் சரி. பன்னீரின் கையும் சுத்தம்.

தொட்டியில் இப்போது என்ன எண்ணெய் இருக்கிறது என்று கேட்டேன். குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது. போன மாதம் தொட்டியைச் சுரண்டிக் கழுவிவிட்டார்களாம். பழையதையெல்லாம் பாய்லரில் விட்டு எரித்தாயிற்று. நன்றாக எரிந்ததாம். இப்போது வெறும் புது எண்ணெய், அதுவும் குர்ஜன் கம்பம் நின்றுபோய் இரும்புக் கம்பம் வரப்போகிறதாம். இதையும் ஒரு நல்ல செய்தி போலவே சொன்னார்.

தொட்டி எண்ணெயில் மிச்சம் இருப்பது ஜன்னலில் இருக்கிற இந்த அரைப் பாட்டில்தான். அதை அனுப்பலாம். இனி எழுத வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, செத்துப்போனவளின் பெயரில், ஹார்லிக்ஸ் பாட்டிலில். அவர்கள் திறந்து பார்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அதற்கு ஒரு மரப்பெட்டி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பன்னீர் அதைச் சொன்னதும் நான் எழுந்து நின்றேன். இந்த மனிதரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள் தெரியுமா என்ற வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. நான் போக உத்தரவு கொடுக்கிறேன் என்று நினைத்து அவரும் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். கண் கலங்கியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் அவர் இப்படித்தான் வந்தார். பட்டறையிலிருந்து மழையில் நடந்து, ரொட்டிப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வார்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றார். மங்கை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாள். அதற்குள் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். அவள் சொன்னதை நான் அன்று செய்யவில்லை.

உட்காருங்கள் என்று பன்னீரிடம் சொன்னேன். ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.

அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"பன்னீரண்ணன் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காருங்க. டீ வாங்கிக் குடுக்காம அனுப்பிடாதீங்க."