பெயில் என்று எழுதிக் கொடு

1

பாரசீகம் பேசுகிறவர்களுக்காக ஒரு காது சோதனை தயாராகிறது என்று ஒரு துண்டுச் செய்தி படித்தேன். இரைச்சலுக்கு நடுவே பேச்சு பிடிபடுகிறதா என்று பார்க்கிற சோதனையாம். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது, மறைப்பானேன். சொற்கள் பாரசீகத்தில் இருக்கட்டும், சரி. இரைச்சலை எந்த ஊரிலிருந்து எடுப்பார்கள்? அவர்களுடைய கடைத்தெரு எனக்குத் தெரியாது. தாம்பரத்து இரைச்சல் தெரியும். ஆகவே 1992, மேற்குத் தாம்பரம், ஒரு காது மருத்துவமனை. மாடியில் காது சோதிக்கிறவள் ஜெய்னப்.

முதல் தொடக்கம்: "காலைச் சூரியன் ஜன்னல் வழியே செவ்வொளி பரப்ப, ஜெய்னப்..." வேண்டாம். சத்தம் புகாமல் அடைத்த அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "பச்சையம்மாவுக்குக் காது கேட்கும், அதுதான் அவளுடைய தொல்லை." இது நிற்கட்டும்.

2

விவரம் பின்வருமாறு. பச்சையம்மா எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரி. புருஷன் போன பிறகு கல்லாவில் அவள்தான். மருமகன் சிட்டிபாபு சரக்கைப் பார்த்துக்கொள்வான். பாத்திரத்தில் பேர் வெட்டும் மெஷினும் அவன் கையில்.* சமீபமாகக் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்டால் பச்சையம்மா வேறு எங்கோ பார்க்கிறாள். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

"அத்தைக்குத் திமிரு மேடம். புடிச்ச ஆளு பேசுனா மட்டும் காது கேக்கும்" என்றான் சிட்டிபாபு, அவளை ஜெய்னப்பிடம் கூட்டி வந்து.

அடைத்த அறையில் ஊசி விழுவது போன்ற 'பீப்' சத்தங்களுக்கெல்லாம் பச்சையம்மா சரியாகக் கை தூக்கினாள். டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் 'காது நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாத்தீங்களா! எல்லாம் ஆக்ட்டு. தீபாவளியிலிருந்து கல்லாவுல நான் குந்துறேன். அத்தை வூட்லயே இருக்கட்டும்."

ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பேசும்போது பச்சையம்மாவின் கண்கள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவியதை ஜெய்னப் பார்த்தாள். அமைதியில் கேட்கிற காது சந்தையிலும் கேட்கும் என்று யார் சொன்னது? அதைச் சோதிக்க அவளிடம் தமிழில் ஒன்றுமில்லை. சரி, நாமே செய்வோம் என்று முடிவு கட்டினாள்.

(சிட்டிபாபுவை வில்லனாக்க ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், ஒட்டவில்லை. வந்த ஆள் திரும்பிப் போனால் வயிறு எரிகிற சாதாரண வியாபாரி அவன்.)

* பரிசுப் பாத்திரம் வாங்கினால் கொடுப்பவர் பேரும் தேதியும் வெட்டாமல் நம் பக்கம் யாரும் எடுத்துப் போவதில்லை. அந்த மெஷின் பல் கூசக் கத்தும். இதை மறந்துவிடாதீர்கள்.

3

சோதனைக்கு எண்கள் சொல்ல ஒரு குரலும் அதை மறைக்க ஒரு கூட்டமும் வேண்டும். குரல் ஜெய்னப்புடையது: "ஏழு, ரெண்டு, அஞ்சு." கூட்டத்துக்கு, கீழ்க்கட்டளையில் தங்கை சித்திகாவின் நிக்காஹ் விருந்தில் மேஜைக்கடியில் டேப்ரெக்கார்டரை வைத்தாள். கல்யாண வீட்டைவிடத் தரமான இரைச்சல் எங்கே கிடைக்கும்?

நல்ல காதுக்கு எவ்வளவு கேட்கும் என்று தெரிய, முதலில் சிட்டிபாபுவை உட்கார்த்தினாள். ஹெட்போனை மாட்டியவன் கொஞ்ச நேரத்தில் எண் சொல்வதையே நிறுத்திவிட்டான்.

"மேடம், ஏழு ரெண்டு கெடக்கட்டும். பிரியாணி பத்துச்சா, இல்லியா?"

"எந்த பிரியாணி?"

"இன்னா மேடம், ரெண்டு பொம்பளைங்க சொல்லிகினு கீறாங்களே! ரெண்டாம் பந்தி வந்துச்சாம், தேக்ஸாவுல அடி தட்டுதாம்..."

அடுத்து டாக்டர். வெளியே வந்து தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அந்த சம்பந்தி நிஜமாவே கோச்சுண்டு போயிட்டாரா?"

பச்சையம்மாவும் தவறினாள். ஆனால் எல்லோரும் தவறினால் அது என்ன சோதனை? "அப்ப டாக்டரும் செவிடு, நானும் செவிடு" என்று சிட்டிபாபு சிரித்தான்.

4

ராஜகீழ்ப்பாக்கத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த அண்ணன் கரீமிடம் போனாள்.

"கூட்டம் இருக்கணும்ணா, கதை இருக்கக் கூடாது."

"நம்ம சொந்தக்காரங்க வாயிலா? கிழிஞ்சுது போ."

அதே பேச்சை அதன்மேலேயே, வேறு வேறு இடத்தில் தொடங்கி, திரும்பத் திரும்பப் பதிந்தார்கள். பிரியாணி கரைந்தது. சம்பந்தியின் கோபம் கரைந்தது. மனிதக் குரல்தான், ஆனால் ஒரு வாக்கியமும் கைக்குச் சிக்கவில்லை. "இப்பதான் உண்மையான கல்யாணம் மாதிரி கேக்குது" என்றார் கரீம்.

[பொறாமையாக இருக்கிறது. கதையை அழிக்க அவர்களுக்கு ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. ஒரு கதையைக் கட்ட எனக்கு—]

5

மறுபடி சோதனை. கூட்டத்தின் சத்தத்தை ஏற்ற ஏற்ற, டாக்டரும் சிட்டிபாபுவும் எண்களை விடாமல் பிடித்தார்கள். அடுத்து பச்சையம்மா.

"பச்சையம்மா எல்லா எண்களையும் சரியாகச் சொல்லி—" என்று ஆசையாக எழுதிவிட்டேன். ஜெய்னப் முறைத்தாள். தேறினால் அவள் மறுபடி நடிகைதானே! தோற்றால்தான் ஜெயம்.

கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதுமே எண்கள் உதிர்ந்தன. ஜெய்னப் மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்தும் சேரவில்லை. வெளியே வந்த பச்சையம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, பெயிலா?"

"இதுல பாஸ் பெயில் எல்லாம் இல்லம்மா. சத்தத்துக்கு நடுவுல பேச்சு உங்களுக்குத் தனியா பிரிஞ்சு வரலை. நீங்க வேணும்னு பண்ணலை."

"அதத்தான் கேக்குறேன். பெயில்தானே?"

"ஒரு விதத்துல..."

"எழுதிக் குடு. பெயில்னு பெருசா எழுது." மருமகன் பக்கம் திரும்பினாள். "மாப்ளே, பாத்துக்கினீங்களா? நான் பெயிலு!"

பெயிலானதற்கு அப்படிச் சிரித்த ஒருத்தியை அந்த மாடி பார்த்ததில்லை. சிட்டிபாபு பிடரியைச் சொறிந்தான். "அப்பவும் மேடம், வர்றவங்க திரும்பிப் போறாங்களே. கல்லாவுல..."

"கல்லாவுக்குப் பக்கத்துல என்ன வச்சிருக்கீங்க?"

யோசித்தான். அவன் முகம் மெதுவாக மாறியது.

"என் மெஷினு."

6

முடிவு அ: சிட்டிபாபு கல்லாவில் உட்கார்ந்தான். எழுதிப் பார்த்தேன், பேனா மக்கர் செய்தது.

முடிவு ஆ: ஜெய்னப்பின் கேசட் மாநிலமெங்கும் பரவி, விருதும் சால்வையும்... கதை என்றாலும் ஒரு நியாயம் வேண்டாமா.

முடிவு இ: தீபாவளிக்கு முந்தைய நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. கல்லாவில் பச்சையம்மா, முதுகுக்குச் சுவர், முகத்துக்கு நேரே ஆட்கள். மெஷின் பின்கட்டுக்குப் போய்விட்டது. ஜெய்னப்புக்குப் பரிசாக ஒரு டம்ளர் எடுத்து, பேர் வெட்ட உள்ளே அனுப்பியிருக்கிறாள். ஜெய்னப் வெட்கத்தோடு நிற்கிறாள்.

மெஷின் கத்தலுக்கு மேலே சிட்டிபாபு உள்ளிருந்து ஏதோ கேட்கிறான். பச்சையம்மா திரும்பவில்லை. அவன் மறுபடி கத்தவில்லை. மெஷினை நிறுத்தினான். டம்ளரோடு கூட்டத்தை விலக்கி வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்றான்.

"அத்தை, இதுல இன்னா போடணும்?"

பச்சையம்மா ஜெய்னப்பைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தாள்.

என் வேலை இதோடு சரி. டம்ளர் வெறுமையாக இருக்கிறது, மெஷின் நின்றிருக்கிறது. என்ன வெட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவளுக்கு முன்னால் வந்து நின்று சொல்லுங்கள், கேட்கும்.