தையல்காரர் முடிச்சு

அன்று பிற்பகல் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தையல்காரர் எந்திரத்தின் முன் முக்காலியில். அவர் மனைவி கட்டிலின் விளிம்பில். அவள் தம்பி, பஸ் டிரைவர், கையில் டீயோடு வாசற்படியில். சுவரோரம் மடித்த கம்பளியில் அவர்கள் வீட்டு நாய் சின்னவள் படுத்திருந்தாள். கருத்தடை அறுவை முடிந்து நான்காம் நாள். வயிற்றுத் தையலை நக்கிவிடாதபடி கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு. கதவுக்குப் பின்னே ஆணியில் இன்னொரு கூம்பு தொங்கியது. அது முன்பு வளர்த்த பெரியவளுடையது. பெரியவள் போய் ஓராண்டு ஆகிறது.

சின்னவள் தலையைத் திருப்பினாள். கூம்பு சுவரில் உரசியது. சரக்.

தையல்காரரின் கால் மிதியில் நின்றுவிட்டது. ஓராண்டாகப் பிற்பகல்தோறும் அவர் காதுக்கு மட்டும் கேட்டுவந்த சத்தம் அது.

“அதைக் கழட்டி விடு. பார்க்கச் சகிக்கல,” என்றார் மனைவியிடம்.

“பத்து நாளைக்குக் கழட்டக் கூடாது, குதிக்க விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

“தையலைப் பத்தி எனக்கே பாடமா? நல்லா காய்ஞ்சிருச்சு.”

டிரைவர் சிரித்தான். “மறுபடி அந்தம்மாகிட்டயேவா போனீங்க, மாமா? அவங்க தையல் சரியில்லாமத்தான் பெரியவ செத்தான்னு தெருத்தெருவா சொன்னீங்களே! அதைக் கேட்டு நானும் எங்க நாயைக் கூட்டிட்டுப் போகல. அஞ்சு குட்டி போட்டுச்சு. ரெண்டு பஸ்ல அடிபட்டுப் போச்சு.” சிரிப்பு நின்றது. “அதுல ஒண்ணு என் பஸ்.”

தையல்காரர் மண்டியிட்டுக் கூம்பின் நாடாவில் கை வைத்தார். சின்னவள் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். பெரியவளும் அப்படியேதான் கொடுத்தாள். அவர் விரல் நகரவில்லை.

“போன தடவை நான்தான் கழட்டினேன்,” என்றார், தரையைப் பார்த்தபடி. “நீ கடைக்குப் போயிருந்த. பாவமா இருந்துச்சு. நக்கிக்கிட்டே இருந்தா. கட்டில்லேருந்து குதிச்சா. தையல் பிரிஞ்சதைப் பார்த்ததும் பயந்து, நீ வர்றதுக்குள்ள கூம்பைத் திரும்ப மாட்டிட்டேன்.”

“தெரியும்,” என்றாள் மனைவி. “கூம்பு நாடாவுல டாக்டரம்மா போட்டது பூ முடிச்சு. நான் வந்து பார்த்தப்ப இருந்தது உங்க முடிச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு ஒரு வருஷமா காத்திருக்கேன்.”

அளவு குறிக்கும் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அவர் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார்:

“மதிப்பிற்குரிய டாக்டரம்மா, உங்கள் தையலில் குறையில்லை. கூம்பைக் கழற்றியவன் நான். பழியை உங்கள்மேல் போட்டேன். அறுவை செய்வது உங்கள் பொறுப்பு. ஆறும்வரை காப்பது வளர்ப்பவன் பொறுப்பு. பரிதாபப்பட்டு நாள்களைக் குறைப்பது அன்பாகாது. நம் தவற்றை வைத்தியர் தலையில் கட்டினால், கேட்டவர்கள் வீட்டு உயிர்களும் சேர்ந்து சாகும். எல்லோரும் படிக்க இதை உங்கள் வாசலில் ஒட்டுங்கள்.”

தாளை உறையிலிட்டு அதன் ஓரத்தை நாக்கில் நனைக்கப் போனார். கூம்புக்குள்ளிருந்து சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைத் தண்ணீரில் தொட்டு ஒட்டினார்.

டிரைவர் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினான். சின்னவள் அசையாமல் படுத்திருந்தாள். கதவுக்குப் பின்னே ஆணியில், சரக்.

இந்த முறை மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.