ஓடும்போது மாற்றிய அளவு

ஆற்று நீர்மட்ட அலுவலகத்தில் எனக்கும் தம்பிக்கும் ஒரே வேலை. கரையோர அளவுமானிகள் அனுப்பும் எண்கள் ஒரு மென்பொருளில் பெட்டி பெட்டியாகக் கடந்து, கடைசியில் சைரனுக்குப் போய்ச் சேரும். அதில் அபாயத்தைக் கண்டுபிடிக்கும் பெட்டி, தம்பி எழுதிச் சேர்த்த பிளகின், அதாவது துணை நிரல். நீர் எத்தனை மீட்டரைத் தொட்டால் சைரன் அடிக்க வேண்டும் என்பதை அதன் அமைப்புப் பட்டியலில் நாங்கள்தான் நிரப்ப வேண்டும்.

அன்று காலை அதன் புதிய பதிப்பை ஏற்றியவன் நான். ஏற்றினால் பழைய அளவுகள் போய் எல்லா இடத்திலும் 99 வந்து நிற்கும். தெரிந்த விஷயம்தான். மதியம் மழை வலுத்த பிறகுதான் அளவை நிரப்பவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதற்குள் தம்பி, சைரனில் கழன்ற கம்பியைப் பொருத்தக் கீழ்ப்பாலத்துக்குப் போயிருந்தான். போனில் அளவைக் கேட்டேன்.

"நாலரை போடுண்ணா. தொண்ணூத்தொம்பது மீட்டர் வந்தா சைரன் எதுக்கு, கப்பல்தான் வேணும்" என்றான். "சீக்கிரம் போடு. நான் கத்தினா இந்தத் தெருவுல ஒரு ஆளும் அசைய மாட்டேங்கிறான். சைரன் கேட்டாத்தான் கிளம்புவாங்களாம்."

போட்டேன், சேமித்தேன். திரையில் 4.5 தெளிவாக நின்றது. நீர்மட்டம் 4.6. சைரன் அடிக்கவில்லை.

கம்பியை மறுபடி பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றான். இங்கிருந்து சைரனுக்குப் போகும் இணைப்பைச் சோதித்தேன். கையால் அடிக்கும் பொத்தானை எடுத்துவிட்டுத்தான் இந்த மென்பொருளை வைத்திருந்தோம். அதிகாரி முதுகுக்குப் பின்னால் நின்று என்னாச்சு, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 4.9. 4.5-ஐ அழித்து மறுபடி போட்டுச் சேமித்தேன். 5.1.

அப்போதுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி, தொடங்கியபோது படித்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். திரை மட்டும் புதியதைக் காட்டும். நிறுத்தித் தொடங்காமல் எதுவும் மாறாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

நிறுத்தினேன். தொடங்கினேன். போனிலேயே சைரன் கேட்டது.

"அடிக்குதுண்ணா" என்றான். கடைசி வீட்டில் நடக்க முடியாத தையல்காரர் இருக்கிறார், தூக்கிவிட்டு வருகிறேன் என்று போனை வைத்தான்.

பதினோரு நிமிடத் தாமதம். தெரு முழுக்க மேட்டுக்கு ஏறிவிட்டது. தையல்காரரை மாடியில் ஏற்றிவிட்டு இறங்கிய தம்பியை வெள்ளம் கொண்டுபோனது.

மூன்றாம் நாள் உடலைக் கொண்டுவந்தபோது அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சைரன் அடிச்சுதா?"

"அடிச்சுதும்மா."

எப்போது என்று கேட்கவில்லை. இன்றும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், அதைத்தான் கேட்கப்போகிறாளோ என்று முந்திக்கொண்டு அவள் தட்டில் சோறு போடுகிறேன்.