கூடவே எடுத்துட்டுப் போறோம்

அவருக்கு இல்லை என்ற வார்த்தை வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அதனால் சொந்தக்காரப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆகட்டும் மாமா. நாமும் மாமா என்றே சொல்வோம். அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். யார் எந்த ஃபிரேமை மாட்டிக்கொண்டு திரும்பினாலும் எடுப்பாக இருக்கிறது என்பார். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் மாற்ற வருகிறவர்களிடமும் ஆகட்டும் என்பார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

மாமாவின் மனைவி நர்ஸ். அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இருவரும் அங்கேயே குடியேறிவிடுவது என்று முடிவானதும் வீடு தலைகீழானது. எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று காலையில் ஆரம்பிக்கும் பேச்சு சாப்பாட்டிலும் தொடரும். சாமான் அனுப்பும் ஏஜென்ட் ஒருநாள் வந்து எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டுப் உதட்டைப் பெரிதாகப் பிதுக்கினார். அந்த ஊரில் கரண்ட் இங்கே வருவதில் பாதிதானாம். இங்கே வாங்கிய மிக்ஸி அங்கே போனால் சோம்பல் முறிக்குமே தவிர அரைக்காதாம். இஸ்திரிப் பெட்டி கைக்கு ஒத்தடம் கொடுக்க ஆகுமாம். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், ஆனால் ஃபிரிஜ், வாஷிங் மெஷின் மாதிரி பெரிய சாமானுக்கு அது கட்டுப்படியாகாது, விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

எந்தக் கரண்டிலும் ஓடுகிற லேப்டாப்பும் முடிவெட்டும் மெஷினும் மட்டும் பெட்டிக்குள் போயின. ஃபிரிஜ்ஜை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். டிவி மனைவியோடு வேலை பார்த்த ஒருத்திக்கு. வாஷிங் மெஷின்தான் வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தது. வாங்கி வருஷம்கூட ஆகாத மெஷின், முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. அதன் மேல் ஊர்க்கண் முழுக்க இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வண்டி பிடித்து வந்து இறங்கினார். மாமாவுக்கு அம்மாவின் தங்கை. மெஷினை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறேன், நீதானே தருகிறேன் என்றாய் என்றார். அவருக்குக் காபி கலக்குவதற்குள் மனைவியின் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். அவருக்கும் அதே மெஷின். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்து, எப்போது இறக்குவது, ஆள் வேண்டுமா என்று அன்பாக விசாரித்தார்.

மாமா சுவரைப் பார்த்தார். மூவர் கேட்டபோதும் அவர் சொன்னது ஆகட்டும்தான். ஒருவரிடமாவது இல்லை என்று சொல்லியிருந்தால் பாதி பிரச்சினை இல்லை. மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்து மூன்று முகங்களையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அத யாருக்கும் குடுக்கற மாதிரி இல்லைங்க. கூடவே எடுத்துட்டுப் போறோம்" என்றாள்.

அவளுடைய அண்ணன் கரண்ட் விஷயத்தைக் கிளப்பினார். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியாகிவிட்டது என்று ஒரே போடாகப் போட்டாள். சித்தி காபியைக் குடிக்காமலே எழுந்தார். ஆசை காட்டி மோசம் செய்கிற பிள்ளையைத் தன் அக்கா பெறவில்லை என்றும், ஆஸ்பத்திரியில் மாறிப்போயிருக்க வேண்டும் என்றும் படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமாவின் தங்கை வந்தாள். அவள் வீட்டுக்காரன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வெளியூரில். அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. விரிப்பை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றுவது என்று கணக்கில்லை, அத்தனையும் கைத்துவையல். விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்திருந்தது. உனக்கு என்னம்மா வேண்டும் என்று மாமா கேட்டார். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, துணி மாட்டும் ஹேங்கர் மிச்சம் இருந்தால் கொடு என்றாள்.

அவள் ஹேங்கர்களை எடுத்துக்கொண்டு போனபின் மனைவி சொன்னாள். "மெஷின் அவளுக்குத்தான். நேர்லயே சொல்லிடுங்க, இது உனக்குன்னு."

"ஆகட்டும்" என்றார் மாமா.

இந்த ஒரு ஆகட்டும் அவர் நெஞ்சிலிருந்து வந்தது. தங்கையின் கையை அவரும் பார்த்திருந்தார். அவரே மெஷினைத் துடைத்து, பழைய போர்வையால் மூடி, நீலக் கயிற்றால் இறுகக் கட்டினார். குட்டியானை லோடு வண்டியை வரச்சொல்லி ஏற்றிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் சித்தி வந்துகொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு போனவர், மனசு கேட்கவில்லையாம், ஊருக்குப் போகிற பிள்ளையைப் பார்க்க வந்தாராம். வண்டி எங்கே போகிறது என்று கேட்டார். தங்கை வீட்டுக்கு என்றதும், அவள் மாமியாரைப் பார்த்து நாளாயிற்று என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்குங்கள் என்று சொல்ல மாமாவுக்கு வாய் ஏது?

தங்கை வீட்டு வாசலில் மெஷினை இறக்கியதும் சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "இது உங்ககூட வருதுன்னு சொன்னீங்களேடா, இங்க எதுக்கு எறங்குது?"

மாமாவுக்கு வியர்த்தது. "கூடத்தான் வருது சித்தி. ஏஜென்ட் ஆள் வந்து எடுத்துப்பான். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்." தங்கை பக்கம் திரும்பி, "பத்திரமா வெச்சுக்கம்மா" என்று சொல்லி, சித்திக்குத் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

தங்கை தலையாட்டினாள். அண்ணனுக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா கண்ணைக் கழுவிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், சொல்லிவிட்டேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, சொல்லிவிட்டதாகத்தான் நம்பினார்.

புது ஊரில் அவர்களுடைய கட்டடத்துக்கு அடித்தளத்தில் பொது சலவை அறை இருந்தது. வரிசையாக மெஷின்கள். மனைவிக்கு வேலை இல்லாத நாளில் இருவரும் துணிக்கூடையோடு இறங்குவார்கள். மாமாவுக்கும் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. இங்கேயும் எல்லா ஃபிரேமும் எல்லோருக்கும் எடுப்பாகத்தான் இருந்தது. தங்கைக்கு அவ்வப்போது போன் போடுவார். மெஷின் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்பார். "பத்திரமா இருக்குண்ணா" என்பாள். அதைக் கேட்டு அவருக்கு மனசு நிறைந்துவிடும். பொருளின் அருமை தெரிந்தவள் என்று மனைவியிடம் சொல்வார். குழாய் இணைப்பெல்லாம் கொடுத்துவிட்டாளாமா என்று மனைவி ஒருதடவை கேட்டாள். கொடுக்காமலா இருப்பாள் என்றார் மாமா. போனில் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷக் குளிர் முடிகிற சமயத்தில் தங்கையின் மாமியார் இறந்துபோனார். மாமாவால் போக முடியவில்லை. சடங்கெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். மாமாவும் மனைவியும் அப்போது சலவை அறையில் இருந்தார்கள். முகம் வாடியிருந்தாலும் தெளிவாகப் பேசினாள். மாமியார் கடைசிவரை ஒரு படுக்கைப்புண் இல்லாமல் போனாராம். டாக்டரே கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினாராம். அங்கே என்ன சத்தம் என்று கேட்டாள். துணி ஓடுகிறது என்றார் மாமா.

"ரூம காலி பண்ணிட்டேன், பாரு" என்று போனைத் திருப்பிக் காட்டினாள். கட்டில் இல்லை. ஜன்னலோரம் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மூலையில் ஒரு பெரிய பொட்டலம். பழைய போர்வை, நீலக் கயிறு. மாமா போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. மேலே ஒரு தூசி இல்லை, ஒரு சாமான்கூட வைக்கவில்லை.

"ஏண்ணா, அந்த ஏஜென்ட் ஆளு வரவே இல்லையே. நீயே ஆயிரம் வேலைல இருப்பேன்னு நானும் கேக்கல. எப்ப அனுப்பற?"

பக்கத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவரைத் திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை.

"அது உனக்குத்தாம்மா" என்றார் மாமா. "அன்னிக்கே உனக்குத்தான் கொண்டாந்தேன். சித்தி இருந்ததால சொல்ல முடியல."

"எனக்கா?"

போன் ஏதோ ஒன்றின் மேல் சாய்ந்தது. திரையில் மின்விசிறியும் உத்தரமும் மட்டும் தெரிந்தன. இங்கே மெஷின் நின்று, கதவு தாழ் விடுபட்டது. இருவரும் அதைத் திறக்கப் போகவில்லை. மாமாவின் கண்ணில் அந்தத் தோல் உரிந்த விரல்களே நின்றன. மெஷினுக்கு எதிரேயே உட்கார்ந்து, அதற்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டு, விரிப்பு விரிப்பாக அவள் கையால் கசக்கியிருக்கிறாள்.

தங்கை மறுபடி திரைக்கு வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

"இப்ப எங்க ரெண்டு பேர் துணிதானேண்ணா. ஒரு வாளியில முடிஞ்சிடும். சித்தி பாவம், ரொம்ப ஆசைப்பட்டாங்க. அவங்களுக்கே குடுத்துடட்டுமா?"

"வேணாம்" என்றார் மாமா.

அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் அவள் கேட்டிராத சொல் அது.

"யாருக்கும் குடுக்காத. கயித்த அறுத்து, குழாய மாட்டு. இனிமே நீ ஒரு துணியும் கையால துவைக்கக் கூடாது. செய்வியா?"

அண்ணன் மனம் நோக ஒரு வார்த்தை சொல்லத் தங்கைக்கும் வாய் வராது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"ஆகட்டும்ணா" என்றாள்.

மாமா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தையின் பெறுமானம் அவருக்குத் தெரியாதா? மெஷினை ஏற்றிக்கொண்டு சித்தி வீட்டுக்கு எந்தக் கிழமை வண்டி போகும் என்பது ஒன்றுதான் தெரியவில்லை.