தட்டித் திருத்திய கதை

லிபியப் பாலைவனத்து ஊரான கதாமிஸில் கதை கேட்க வேண்டுமென்றால் மன்னூபாவின் மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் மாடிக்கு மாடி தாவியே வந்து சேர்வார்கள். நிலக்கடலையும் நுரை தள்ளிய தேநீரும் சுற்றி வரும். அவள் பேசுவது பெர்பர் மொழிதான். ஆனால் அதில் பாதி அரபி. பாலைவனம் தாண்டித் தெற்கே கானோ நகருக்கு வணிகம் போய்வந்த முன்னோர்கள் கொண்டுவந்த ஹவுஸாச் சொற்கள் அங்கங்கே எட்டிப் பார்க்கும். அவள் கதையில் ஒட்டகம் ஹவுஸாவில் திட்டும், காஜி அரபியில் தீர்ப்புச் சொல்வார், மணப்பெண் மட்டும் ஊர்ப் பேச்சில் அழுவாள். கேட்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தம்பி மிலூத் ஊர் வானொலியில் சேர்ந்தான், வந்தது வினை. பழைய ஆட்சியில் பிள்ளைக்கு நம் மொழியில் பெயர் வைக்கக்கூட விடவில்லையே என்ற ஆத்திரம் அவனுக்கு. அதில் தப்பே இல்லை. ஆட்சி போனதும் மிலூத் என்ற அரபிப் பெயரை உதறிவிட்டு சிஃபாவ் ஆனான். அக்காவின் கதைகளை ஒலிபரப்ப வேண்டும், ஆனால் ஓர் அரபிச் சொல்கூட இருக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டான். அக்கா மேல் அவனுக்கு உயிர். அதுதான் வம்பே.

ஒலிப்பதிவுக் கருவியோடு எதிரே உட்காருவான். அவள் வாயில் அரபி வந்ததும் விரல் முட்டியால் தேநீர்த் தட்டில் 'டொக்' என்று தட்டுவான். அவள் நிறுத்த வேண்டும். மலைநாட்டு பெர்பர்களிடமிருந்தும் மொராக்கோ பெர்பர்களிடமிருந்தும் தேடிப் பிடித்த தூய சொல்லை அவன் எடுத்துக்கொடுப்பான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

முதலில் அவள் கேலி செய்தாள். "தொழுகைக்கும் நோன்புக்கும் நாம சொல்ற வார்த்தையே ஆதியில அரபிகிட்ட வாங்கினதுன்னு நீயே வானொலியில சொன்னியேடா. அதையும் தட்டுவியா?"

அதெல்லாம் பழசு, ஊறிப்போனது என்றான். எவ்வளவு காலம் ஊறினால் நம்முடையதாகும் என்று அவள் கேட்டாள். அவன் கருவியை ஓடவிட்டான்.

கிணற்றைக் கல்யாணம் கட்டிக்கொண்ட பெண்ணின் கதை இழுத்துக்கொண்டே போனது. கிணறு அவளிடம் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லும் இடத்தில் மாடியே அழும். அதுவும் அரபிச் சொல் என்று அங்கேயும் தட்டினான், படுபாவி.

கதை வானொலியில் வந்த மறுநாள், எங்களுக்குப் புரிய வைக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று பக்கத்து வீட்டு ஸுஹ்ரா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மன்னூபாவும் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் நின்றாள், இது சரியா தப்பா என்று யோசித்தாள். நின்று நின்று சொன்னால் எந்தக் கதை தேறும்? ஆள் குறைந்தது. தொலைக்காட்சித் தொடர்கள் இருக்கவே இருக்கின்றன. கடைசியில் அவளே கதையை விட்டுவிட்டாள்.

வானொலி வேலை மும்முரத்தில் தம்பி இதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு மகள் பிறந்து, பேச்சு வந்து, கதை கேட்டு நச்சரித்தபோதுதான் அந்தப் பதிவை எடுத்துப் போட்டான். குழந்தை கொஞ்ச நேரம் கேட்டது.

"அத்தைக்கு உடம்பு சரியில்லையாப்பா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். கிணற்றுப் பெண்ணின் கதையைச் சொல், அரபியோ ஹவுஸாவோ எது வேண்டுமானாலும் வரட்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

மன்னூபா குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு சொன்னாள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அரபியில், ஓர் இடத்திலும் தயங்காமல். வீட்டில் கேட்காவிட்டாலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் குழந்தை கேட்ட அரபிதானே. குழந்தை வாயைப் பிளந்து கேட்டது. கிணறு பேசும் இடத்தில் அதன் கண் கலங்கியது.

குழந்தை முற்றத்துக்கு ஓடியதும் அவன் மெல்லக் கேட்டான். "நம்ம பேச்சுல சொல்லியிருக்கலாமேக்கா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அரபி எனக்கு இரவல், மிலூத். அதுல தப்பு வந்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நம்ம பேச்சுல வாயைத் தொறக்கத்தான் பயமா இருக்கு."

முற்றத்தில் மகள் தன் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, கிணறு சொன்னதை அரபியில் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருத்த அவனுக்கு வாய் வரவில்லை.