பென்சில் கோடு

பழைய வரைபடங்களைக் கணினியில் ஒழுங்காக வைக்கும் மென்பொருளைக் காட்ட, கரம்பொன்னில் இருக்கும் எங்கள் குடிநீர்த் திட்ட அலுவலகத்துக்கு வந்த மூன்றாவது ஆள் யசிந்தன். முதல் இருவரும் தாங்கள் கொண்டுவந்த மாதிரிப் படங்களையே திறந்து காட்டினார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. எண்ணெய்க் கறையும் பென்சில் கீறலுமாக அலுமாரியில் கிடந்த குழாய் வரைபடம் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இதை ஏத்தும்."

ஸ்கான் செய்தார். மென்பொருள் கறையோடு பென்சில் கோடுகளையும் துடைத்துவிட்டு, புதுத்தாள் போலத் திரையில் காட்டியது.

"இனிப் பழசை எறியலாம், மிஸ்."

"வெளியில வாரும்."

திரையில் காட்டியபடி, குழாயின் வால்வு அலுவலக வாசலில் உள்ள ஒழுங்கையின் இடப்பக்கம் இருக்கவேண்டும். யசிந்தன் அங்கே மண்வெட்டியால் கிளறினார், ஒன்றுமில்லை. பழைய தாளில் பென்சில் காட்டிய இடத்தில், எதிர் வேலியோரம், வால்வின் இரும்பு மூடி தட்டுப்பட்டது. தோண்டும்போது பாறை வந்தால் குழாயை விலத்திப் போட்டுவிட்டு வரைபடத்தில் பென்சிலால் கீறிவைப்பது இங்கே வழக்கம்.

"ஊத்தையெண்டு நினைச்சிட்டன்," என்றார் யசிந்தன்.

உள்ளே வந்து, துடைக்கும் வசதியை நிறுத்தி, தாளை மீண்டும் ஏற்றினார். பென்சில் கோட்டின்மேல் 'வால்வு, வேலியோரம்' என்று குறிப்பும் சேர்த்தார். நான் 'வால்வு' என்று தட்டினேன். அந்தக் கோடு திரையில் வந்து நின்றது.

"இதைவிட ஊத்தையான படம் இருந்தா எடுங்கோ, மிஸ்."

அதன் பிறகுதான் விலையைக் கேட்டேன்.